ஆள் போகாத பாதையும் அண்ணனின் நிக்காஹும்

ஆங்கில இலக்கியம் படித்த கர்வத்தில் சொந்த அண்ணனின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தவள் நான். இதை இப்போது தைரியமாக எழுதக் காரணம், அவனுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டதுதான்.

கல்லூரிக் கடைசி வருடம் எங்களுக்கு அந்தப் புகழ்பெற்ற கவிதை பாடமாக இருந்தது. காட்டு வழியில் ஒருவர் இரண்டு பாதைகளில் ஆள் அதிகம் போகாத ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதைப் பற்றியே காலத்துக்கும் பேசுவாரே, அதுதான். இரண்டு பாதைகளும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருந்தன என்று நடுவில் அவரே ஒப்புக்கொள்கிறார். (நான் அந்த நடுவைப் படிக்கவே இல்லை. கடைசி மூன்று வரியை வைத்துப் பாஸானவள். இப்போது பள்ளிக்கூடத்தில் அதே கவிதையை நடத்துகிறேன். நடுவிலிருந்துதான் கேள்வி கேட்பேன்.) ஊரார் போகாத வழியில் போனால் வாழ்க்கை எங்கேயோ போய்விடும் என்று நம்பி, வீட்டில் எல்லோரும் டீ குடித்தால் நான் மட்டும் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தான். பெண் பத்தமடை. எங்கள் வழக்கப்படி, இவருக்குக் கல்யாணம் செய்ய ஒரு தடையும் இல்லை என்று மாப்பிள்ளை ஊர் ஜமாஅத் முத்திரை போட்டுக் கடிதம் தர வேண்டும். அது கைக்கு வராமல் பெண் ஊரில் பதிவுப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்கள். அந்தக் கடிதத்தை மேலப்பாளையம் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் மறந்துவிட்டு வாப்பா வேன் ஏறிவிட்டார். தையல்காரர் என் சுடிதாரைத் தரவில்லை என்பதால் வீட்டில் மிச்சமிருந்தது நான்தான். ஸ்கூட்டியில் கொண்டுவா, மெயின் ரோட்டிலேயே வா என்று போனில் இரண்டு தடவை சொன்னார்.

முன்னீர்பள்ளம் தாண்டியதும் கால்வாய்க் கரையோரமாக ஒரு பாதை பிரிந்தது. புல் மண்டி, ஈ காக்கை இல்லாமல் கிடந்தது. கவிதையே நேரில் வந்து கூப்பிடுவதாக நினைத்து வண்டியைத் திருப்பினேன்.

கொஞ்ச தூரத்தில் பாதை முழுக்க வாத்துகள். மேய்த்துக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, இங்கன எங்க போற? பாத அந்தப் பம்புசெட்டோட முடிஞ்சிபோச்சுல்லா. அதான் ஒருத்தரும் வாறதில்ல.”

இப்படி ஒருத்தர் எதிரில் வந்திருந்தால் அந்தக் கவிதை நாலு வரியில் முடிந்திருக்கும். பதறிப்போய்த் திருப்பினேன். சக்கரம் வழுக்கி, நான், வண்டி, கடிதம் இருந்த கைப்பை, போன் எல்லாம் வாய்க்காலுக்குள். வாத்துக்காரர்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே போட்டார்.

மண்டபத்தில் அதற்குள் வேறு கதை ஓடியிருக்கிறது. பதினொன்றரைக்கு நிக்காஹ், மணியோ பன்னிரண்டரை. கடிதம் ஏன் வரவில்லை, சவூதியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதோ என்று பெண்ணின் மாமா கேட்கப்போய், அது பெண் இருந்த அறை வரைக்கும் போய்விட்டது. இன்னும் அரைமணி நேரம் பார்ப்போம், வராவிட்டால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அவர் சொல்லியும்விட்டார். அண்ணன் மாலையும் கழுத்துமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாசலில் நான் தலை முதல் கால் வரை சேறாக வந்து நின்றேன். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெண் ஊர் ஜமாஅத் செயலாளர் கடிதத்தை நுனியில் பிடித்துத் தூக்கினார். முத்திரை தப்பித்திருந்தது. மை கரைந்து அண்ணன் பெயர் மட்டும் போயே போய்விட்டது.

“மாப்ள பேரையே காணோம். இத வச்சி நான் யாருக்குவே நிக்காஹ் எழுத?” என்று வாப்பாவிடம் கேட்டார்.

முத்திரையைக் கண்ணால் பார்க்காமல் போன் பேச்செல்லாம் செல்லாது என்று அதுவரை முரண்டு பிடித்தவர், இப்போது மனமிரங்கி எங்கள் ஜமாஅத் தலைவரைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, போனை மைக் முன்னால் வைத்தார். தலைவர் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“பையனுக்கு இதான் மொத நிக்காஹ். அவன் மேல ஒரு கொறையும் கிடையாது, நான் பொறுப்பு. அந்தத் தங்கச்சிப் பிள்ளட்ட மட்டும் இனி ஒண்ணும் குடுத்து விடாதீங்கவே.”

பெண்ணின் மாமாவே சிரித்துவிட்டார். செயலாளர் பெயரைத் திரும்ப எழுதிக் கையெழுத்துப் போட, நிக்காஹ் நடந்தது. நான் சேறு காய்ந்த சுடிதாரோடு பிரியாணி சாப்பிட்டேன்.

மைனிக்கும் எனக்கும் இன்று உயிருக்குயிரான சிநேகம். ஆனால் அண்ணனோடு சண்டை வந்தால் அவள் அவனை ஒரு வார்த்தை சொல்வதில்லை. நேரே எனக்குத்தான் போன் வரும்.

“ஏட்டி, நீ இன்னும் ஒரு அரைமணி நேரம் பிந்தி வந்திருக்கக் கூடாதா? நான் தப்பிச்சிருப்பேம்லா.”