துண்டிப்பது அடுத்த வாரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி பள்ளிக்கூடத்து ஆய்வகத்திலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒருவாறு நலம். உன் வீட்டுக்காரர் என்னைவிட நலம், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அங்கே உன் மகளும், புதிதாக வந்திருக்கும் பேத்தியும், இருவரையும் பார்த்துக்கொண்டு தூக்கம் கெட்டிருக்கும் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் கையெழுத்தைப் படித்துவிட்டு நீ கண் மருத்துவரைத் தேடிப் போன பழைய கதை மறக்கவில்லை என்பதால், இந்த முறை ஆய்வக லேப்டாப்பிலேயே தட்டச்சு செய்கிறேன். எனக்கு இது வகுப்பில்லாத நேரம். பக்கத்து அறையில் அத்தான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறார். நடுவில் கதவு சாத்தியிருக்கிறது, ஆகவே மனம்விட்டு எழுதலாம்.

போனில் பாதி சொன்னேன், மீதியைக் கேள். அறிவியல் நடத்துகிற எல்லோரும் இந்தப் பருவத்துக்குள் வகுப்பிலிருக்கும் பெரிய திரையைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும், கற்காதவர்களிடமிருந்து அறிவியலை எடுத்துவிட்டு நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லப்போவதாகத் தலைமையாசிரியை என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். பயிற்சிக்குப் போய் சான்றிதழோடு திரும்பிய ஒரே ஆள் நான் என்பதால், அத்தானைத் தேற்றுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அறிவியல் கைவிட்டுப் போனால் அவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? விடுமுறை நாளிலேயே குக்கர் விசில் அடித்தால் விளக்கம் சொல்லாமல் சாப்பிட உட்காராத மனிதர். அதனால் நூலகத்துப் பேச்சையே எடுக்காமல், "என் பயிற்சிச் சான்றிதழ் செல்லணும்னா யாராவது ஒருத்தருக்கு நான் சொல்லிக் குடுத்துக் காட்டணும் அத்தான், நீங்கதான் உதவணும்" என்று ஒரு பொய்யைப் போட்டேன். மனிதர் உடனே சட்டைக் கையை மடித்துவிட்டார். அவர் எனக்கு உதவி செய்துகொண்டிருப்பதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையை அவரிடம் சொல்ல மாட்டேன் என்று நீ போனில் சத்தியம் செய்திருக்கிறாய், ஞாபகம் இருக்கட்டும்.

உதவி செய்கிறவர் படுத்துகிற பாட்டைக் கேள். முதல் நாள் கடவுச்சொல் வைக்கச் சொன்னேன். 'தண்ணீர் நூறில் கொதிக்கும்' என்று வைத்தார். கடவுச்சொல் பலவீனமாக இருக்கிறது என்று கணினி சொன்னது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். உண்மை எப்படிப் பலவீனமாக இருக்க முடியும், இதைச் செய்தவனுக்குக் கொதிநிலை தெரியுமா தெரியாதா என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்து அன்றைய பயிற்சி முழுவதும் அதிலேயே போயிற்று. கடைசியில் 'கடல் மட்டத்தில்' என்று சேர்த்த பிறகு கணினி ஒப்புக்கொண்டது. பார்த்தாயா மாப்ளே, அது கேட்டதும் நியாயம்தான், நான்தான் நிபந்தனையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று அதற்காக வருத்தப்பட்டார். மறுநாள் திரையில் 'காத்திருக்கவும்' என்று வந்ததும், வகுப்பில் யார் காத்திருக்க வேண்டும் என்பதை வாத்தியார்தான் சொல்ல வேண்டும் என்று லேப்டாப்பை மூடி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார். பாடவேளை முடியும்வரை அது தண்டனையில் இருந்தது. பக்கத்து அறையில் பிள்ளைகள் பலமாகச் சிரிக்கிறார்கள். அத்தான் என்ன நகைச்சுவை சொன்னாரோ தெரியவில்லை, பொதுவாக அவர் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வீடியோ பாடம் அடுத்த கூத்து. அதில் பேசுகிற அம்மாள் ரொம்ப வேகமாகப் பேசுகிறார், பிள்ளைகள் மூச்சு விட வேண்டாமா என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, அவர் சொன்னதையே இவர் இன்னொரு முறை சொன்னார். நடுவில் அந்த அம்மாள் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டார் என்று திரையைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, "மறுபடி யோசிச்சுச் சொல்லுங்க பார்ப்போம்" என்று பதிலுக்குக் காத்திருந்தார், அக்கா. மறுபடியும் சிரிப்பு. இன்றைக்கு அந்த வகுப்புக்கு என்னதான் ஆயிற்று? இதையெல்லாம் பார்த்த பிறகுதான் நான் முறையாகப் பாடத்திட்டம் போட்டேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திணித்தால் யாருக்கும் ஏறாது என்பது நம் தொழிலில் பாலபாடம். ஆகவே லேப்டாப்பைப் பெரிய திரையோடு இணைப்பது இந்த வாரம், துண்டிப்பது அடுத்த வாரம் என்று பிரித்துவிட்டேன். இணைப்பதை அத்தான் அழகாகக் கற்றுக்கொண்டார். ஆய்வக லேப்டாப்பை வைத்துத்தான் பழகினோம். அதற்கு ஒரு நல்ல குணம், ஒருமுறை சேர்ந்த திரையை மறக்காது, திறந்தால் வயர் இல்லாமலே தானே போய் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் நானே போய்த் துண்டித்துவிட்டு வருவேன்.

நேற்றுத்தான் பரீட்சை. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்தில் தலைமையாசிரியை. மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளை நிறைய உடைத்த பனிக்கட்டி, அதற்குள் லேப்டாப்போடு இணைத்த ஒரு கம்பி. கம்பியின் நுனியில் எவ்வளவு சூடு என்பது திரையில் கோடாக ஓடும். குவளையை அத்தான் கிளறிக்கொண்டே பேசினார். கோடு கீழேயிருந்து ஏறிப் பூஜ்யத்துக்கு வந்தது, அப்புறம் படுத்துவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிள்ளைகள் 'சார், தொங்கிடுச்சு' என்றார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நூலகத்துச் சாவிக்கொத்து என் கண்முன் ஆடியது. யாரையும் கேட்காமல் பாய்ந்து போய் கம்பியைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, மறுபடி போட்டு, கம்பியைச் செருகினேன். திரைக்கு உயிர் வந்தது. அதே கோடு அதே பூஜ்யத்தில் அதேபோல் படுத்துக்கொண்டது. நான் இரண்டாவது முறையாக அணைக்கக் கை வைத்தபோது அத்தான் என் கையைப் பிடித்தார்.

"மாப்ளே, அது தொங்கல. ஐஸ் உருகுது. உருகி முடியற வரைக்கும் அங்கேயேதான் நிக்கும்."

அக்கா, அந்தப் பாடத்தை நான் வருஷா வருஷம் நடத்துகிறேன். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. அத்தான் பிள்ளைகளிடம், எல்லோரும் குவளையைப் பாருங்கள், கடைசித் துண்டு கரையும்போது திரையைப் பாருங்கள் என்றார். வகுப்பே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அதிகாரியும் எழுந்து வந்துவிட்டார். கடைசிச் சில்லு கரைந்தது, கோடு மெல்லத் தலையைத் தூக்கியது, பிள்ளைகள் போட்ட கூச்சலில் எதிர் வகுப்பிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அத்தான் திரைக்குப் பக்கத்தில் போனார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தக் கோட்டைக் கரும்பலகையில் சாக்பீஸால் போட்டு வந்தவர். நம் பள்ளிக்கூடத்து வெப்பமானிகள் எந்தக் காலத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின, அவர் அதைக் கண்ணால் காண? திரையைத் தொடப் போய், கையெல்லாம் சாக்பீஸ் என்று இழுத்துக்கொண்டார். "நான் போட்டதைவிட நேரா இருக்கு மாப்ளே" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அறிவியல் அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அதிகாரி போனார். என்னைப் பற்றி எழுதிக்கொடுத்தது, 'பயிற்சியாளருக்குப் பயிற்சி தேவை.' இந்த அவமானத்துக்குப் பிறகு இனி யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நீ சீக்கிரம் வந்து உன் வீட்டுக்காரரை நீயே மேய்த்துக்கொள்.

உன்னிடம்கூடச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அதிகாரி வருவதற்கு முதல் நாள் தலைமையாசிரியையின் மேசையில் புதிய கால அட்டவணை தயாராக இருந்ததைப் பார்த்துவிட்டேன். அத்தான் பெயருக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் நூலகம். அவரிடமிருந்து அறிவியலை எடுத்தால் என்னுடைய பாடவேளைகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்குக் கல்யாணமான புதிதில் உன்னைப் பார்க்க வந்தபோது, என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் சமையலறைக்கு இழுத்துப் போய், கொதிக்கிற பாத்திரத்தின் மூடி ஏன் ஆடுகிறது என்று காட்டினாரே, அன்றைக்கே நான் என்ன வேலைக்குப் போவது என்று தீர்மானித்துவிட்டேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அக்கா. அவரிடம் இதைச் சொன்னதில்லை, நீயும் சொல்லாதே. தெரிந்தால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போகும். பக்கத்து அறையில் திடீரென்று சத்தமே இல்லை. திடீர்த் தேர்வு வைத்துவிட்டார் போலிருக்கிறது.

உன் மகளுக்கு என் ஆசிகள். பேத்தி நீண்ட ஆயுளோடும், தாத்தாவின் பொறுமையோடும், மாமாத் தாத்தாவின் அவசரம் இல்லாமலும் வளரட்டும். உன் மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

என்றும் உன் பாசமுள்ள
தம்பி

பின்குறிப்பு: மேலே ரகசியம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. இப்போதுதான் அத்தான் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். "மாப்ளே, உன் கடுதாசி முதல்லேர்ந்து எட்டாம் வகுப்புத் திரையில ஓடிட்டிருக்கு. கொஞ்ச நேரம் பிள்ளைங்களை அதட்டிப் பார்த்தேன், அப்புறம் நானும் உக்காந்துட்டேன். நிறுத்தத் தெரியல. துண்டிக்கறது அடுத்த வாரம்னுட்டியே." நேற்றுச் சாயங்காலம் இருந்த குஷியில் நான்தான் துண்டிக்க மறந்திருக்கிறேன். மீதியையும் அவரே சொன்னார். "லைப்ரரி விஷயம் எனக்கு அன்னைக்கே தெரியும். உங்க அக்கா போன்ல சொல்லிட்டா. தெரியும்னு காட்டிக்கிட்டா நீ சங்கடப்படுவேன்னு பேசாம இருந்தேன். ஆனா அந்தக் கால அட்டவணை சமாச்சாரம் அவளுக்கே தெரியாதே. அதை இப்பத்தான் படிச்சேன்." சொல்லிவிட்டு, சாக்பீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது எரிச்சல் தாங்காமல் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருக்கிறார்.

அக்கா, உன் சத்தியத்தைப் பற்றி நீ வந்த பிறகு தனியாகப் பேசிக்கொள்வோம். எட்டாம் வகுப்பே, படித்தது போதும், புத்தகத்தை எடுத்து வையுங்கள். சார் வருவார், கண் சிவந்திருக்கும். யாரும் ஏன் என்று கேட்காதீர்கள்.