கண்ணாடித் தோட்டத்து அட்டையும் தங்கள் வெள்ளை வேட்டியும்

பெருமதிப்பிற்குரிய இரணியல் நாராயணபெருமாள் அவர்களுக்கு, அருமனை தாணுலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. முதலில் ‘சம்பந்தி அவர்களுக்கு’ என்றுதான் எழுதினேன். அதிக உரிமை எடுத்துக்கொண்டதாகத் தோன்றியது, தாளை மாற்றிவிட்டேன். இங்கு நாங்கள் நலம். தங்கள் நலமும், குறிப்பாகத் தங்கள் இடது கெண்டைக்காலின் நலமும் அறிய விரும்புகிறோம்.

பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு தங்களிடமிருந்து தகவல் இல்லை. போனில் பேசினால் எனக்கு வரிசை குழம்பிவிடும் என்பதால் எழுதுகிறேன். சொல்ல வேண்டியவை:

1. கண்ணாடிப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்த காரணம்.
2. அதற்குள் அட்டை வந்த வழி.
3. தங்கள் வேட்டியில் ரத்தம் பட்டது அபசகுனம் ஆகாது என்பது.
4. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தாங்கள் சொன்னாலும் யார் மனமும் நோகாது என்பது.

ஐந்தாவதாக மன்னிப்பு என்று ஒன்று வைத்திருந்தேன். அது எல்லாவற்றிலும் வரும் என்பதால் தனியாக வேண்டாமென்று எடுத்துவிட்டேன்.

முதலாவது. பொதுப்பணித்துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. மனதுக்கு அமைதி தரும் வேலை ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். என் மகள் அஸ்வதி மீன் வளர்க்கிற கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்து, இதற்குள் சிறிய தோட்டம் போடலாம், மூடி வைத்தால் உள்ளேயிருக்கிற ஈரமே திரும்பத் திரும்ப மழையாகும், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம், கவலைப்பட ஒன்றுமே இல்லை என்றாள். கவலைப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கவலை தொடங்கும் என்பதை மறந்துவிட்டாள். அளவுப்படி வரைபடம் போட்டேன். அடியில் கூழாங்கல், அதன் மேல் சிரட்டைக்கரி, அதன் மேல் மண், மண்ணை மூடிப் பாசி, நடுவில் ஒரு பெரணிச்செடி. என் மனைவி பகவதியம்மாள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “கிணத்துச் சுவரு, மாடிப்படி, பாத்ரூம் எல்லாம் பாசிதான். சுரண்ட ஆளு கிட்டாம நான் கெடக்கேன். நீங்க கண்ணாடிக்குள்ள வச்சு வளக்கப் போறியளா?” என்றாள். நியாயமான கேள்வி.

இரண்டாவது. அவள் சொல்லிவிட்டதாலேயே வீட்டுப் பாசி எனக்குப் பிடிக்காமல் போயிற்று. மழை விட்ட ஒரு காலையில் மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்துக்குப் போய், ஓடைப்பாறையிலிருந்து பாசியைப் பாய் போல உரித்து எடுத்து வந்தேன். அங்கே ரத்தம் குடிக்கிற அட்டை உண்டென்று எனக்குத் தெரியும். ஆகவே முழங்கால் வரை சோப்பைத் தேய்த்துக்கொண்டு போனேன். திரும்பி வந்ததும் கால்விரல் இடுக்குகளைச் சோதித்தேன், செருப்பைச் சோதித்தேன், குடையை விரித்துச் சோதித்தேன். பாசியைச் சோதிக்கவில்லை.

மூடியிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. தாங்கள் வந்த அன்று கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, உள்ளே இருப்பது தோட்டமா வேகிற புட்டா என்று விளங்காதபடி இருந்தது. வருகிறவர்கள் பார்க்கட்டுமே என்று மூடியைத் திறந்தவன் நான். பெட்டியைச் சோபாவை ஒட்டி வைத்தவன் நான். “இங்கன இருங்க, இதுதான் காத்தோட்டம்” என்று தங்களைக் கைபிடித்து உட்கார வைத்தவனும் நான்தான்.

மூன்றாவது. தாங்கள் முந்திரிக்கொத்தைக் கடித்தபடி, தங்கள் கடையில் கம்பி விலை ஏறியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், அப்போது வேட்டியில் சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது, வெற்றிலைச் சாறாக இருக்கும் என்று நினைத்தேன், அது பெரிதாகிக்கொண்டே வந்தது, சொல்லலாமா, சொன்னால் சபை நடுவில் சங்கடமாகுமோ என்று நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள தாங்களே குனிஞ்சு பாத்துட்டீங்க. சோபா மேலே ஏறி நின்னது வெளிச்சம் நல்லாக் கிடைக்கும் என்பதற்காகத்தான் என்று நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். “லேய் அபிலாஷே, எடுலே, எடுலே” என்று தாங்கள் மகனைக் கூப்பிட, அவர் “அப்பா, காலை அனக்காம நில்லுங்க, நீங்க ஆடினா நான் எப்படி எடுக்க?” என்று சோபாவைச் சுற்றிச் சுற்றி வர, பகவதி அட்டைக்கு உப்புப் போடணும்னு ஓடிப்போய்ச் சீனி டப்பாவைக் கொண்டு வர, சாயாத் தட்டோடு வந்த அஸ்வதி தட்டை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்துவிட்டு, “மாமா, ஒரு நிமிஷம்” என்று நகத்தால் சுரண்டி அட்டையை எடுத்து, பெட்டிக்குள் போட்டு மூடி, “அப்பா, இவரு உங்க பிளானுல இல்லியே” என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். தாங்கள் சிரிக்கவில்லை. சோபா மேல் நின்றபடி சிரிப்பது யாருக்கும் கஷ்டம்தான்.

பெண் பார்க்கப் போன இடத்தில் ரத்தம் என்று தங்கள் தரப்பில் யாரேனும் சொல்லியிருக்கலாம். அட்டைக்கு நாளும் கோளும் தெரியாது, பக்கத்தில் எந்தக் கால் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். மறுநாளே அதை ஓடைப்பக்கம் கொண்டுபோய் விட்டாயிற்று.

நான்காவது. நல்லதொரு இடம் என் அஜாக்கிரதையால் கைவிட்டுப் போகிறதே என்று எனக்கு உறக்கமில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். ஆனாலும் தங்களை நெருக்குவது முறையல்ல. பிள்ளைகள் இருவரும் அன்று அந்தத் தட்டைக் கைமாற்றியதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆகவே வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் ஒரு வரி எழுதிவிடுங்கள். யார் மனமும் நோகாது.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் எங்கள் வணக்கம். தங்கள் காலுக்கும் கடைக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குப் பயந்தபடி காத்திருக்கும்
தாணுலிங்கம்

பி.கு.: தபாலில் சேர்க்கச் சொல்லி அஸ்வதியிடம் கொடுத்தேன். உறை ஒட்டியிருக்கவில்லை, வாசித்துவிட்டாள். “அப்பா, நாலாவதை அடிச்சிருங்க” என்றாள். “ஏன் மக்கா?” என்றேன். அப்பா காலில் ரத்தம் நிற்கவில்லை, என்ன செய்ய என்று கேட்டு அபிலாஷ் அன்று சாயங்காலமே போன் செய்தாராம். ரத்தம் நின்ற பிறகும் பேச்சு நிற்கவில்லையாம். பகவதிக்கும் இது தெரியுமாம். தாங்கள் தகவல் சொல்லாததற்குக் காரணம் கோபமில்லை, சோபாவில் ஏறியதை நினைத்து எங்கள் முகத்தில் விழிக்க நாணப்படுகிறீர்கள் என்பதும் அபிலாஷ் சொன்னதுதான். தங்கள் மாடி அறையிலும் இப்போது ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறதாம். தங்களிடம் மீன் என்று சொல்லியிருக்கிறாராம். தயவுசெய்து தீனி எதுவும் போட வேண்டாம்.

ஆகவே நான்காவதாக நான் எழுதியது தவறு. தாங்கள் வேண்டாம் என்று சொன்னால் மனம் நோகும். இரண்டு பேருக்கு, என்னையும் சேர்த்தால் மூன்று.