மாமனார் வைத்த செடி

பிளீச்சிங் பவுடர் போட்ட கொஞ்ச நேரத்தில் கண்ணாடித் தொட்டிச் செடிகள் எல்லாம் வெளுத்துப்போய் நின்றதைப் பார்த்ததும் மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கசிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒழுக்கு மேஸ்திரி என்றே பெயர். கெட்டிக்காரக் கைதான், ஆனால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே மாமியார் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"மாப்பிள்ளை, கூடத்துல இருக்கிற கண்ணாடித் தொட்டியை மட்டும் தொடாதீங்க. கழுவவும் வேண்டாம், தண்ணி மாத்தவும் வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மீன் இல்லாத தொட்டி. உள்ளே இருந்த நீர்ச்செடிகள் மாமனார் தன் கையால் நட்டவை. மனுஷன் போய் வருஷக்கணக்காகியும் ஒரு இலை வாடவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மனைவி போன் பண்ணினால் முதல் கேள்வியே, "அப்பா செடி எப்படிம்மா இருக்கு?" என்பதுதான். மாமியார் போனைத் தொட்டிக்கு நேரே காட்டுவார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

அம்மாவைக் கவனித்துக்கொள்ள நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அவள், இன்று மதியம் அம்மாவோடு வீட்டுக்கு வருகிறாள். கண்ணாடியில் பாசி பிடித்திருக்கிறதே, பளிச்சென்று ஆக்கி வைப்போம் என்று மேஸ்திரி நினைத்தார். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

இனி மறைக்கத்தான் வேண்டும். ரப்பர் கையுறையோடு ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். அடியில் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு வந்தது வேர்.

'அடேயப்பா, என்ன பிடிமானம். கல்லையே கவ்வியிருக்கே' என்று மாமனாரை நினைத்துக் கண் கலங்கினார். எல்லாவற்றையும் துணியில் சுற்றிக் கொல்லைப்புறத்தில் குழி தோண்டிப் புதைத்தார். மனசு கேட்காமல் மேலே ஒரு பூவும் வைத்தார்.

திரும்பி வந்தால் தொட்டியின் மூலை சொட்டிக்கொண்டிருந்தது. கடைசிச் செடியின் கல் இடித்திருக்கிறது.

"ஒழுக்கா? என் வீட்டிலயா?" என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலைக்குக் கொண்டுபோகும் வாட்டர் கிளாஸ் டப்பாவை எடுத்து அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தார். மணலை உருக்கிச் செய்கிற பாகு அது, கசிவை அடைக்கும். அடைத்தும் விட்டது. மிச்சமிருந்த பாசியைக் கொல்ல ஒரு பிடி மயில்துத்தக் கட்டிகளைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே நீலக் கட்டியிலிருந்து ஒரு முளை எட்டிப் பார்த்தது.

மேஸ்திரி கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். முளை கொஞ்சம் உயர்ந்திருந்தது. நின்றது, யோசித்தது மாதிரி வளைந்தது, மறுபடி ஏறியது.

அவர் பயந்துபோனார். இறுகிப்போனால் வளராது என்று கணக்குப் போட்டு, சிமெண்ட் சீக்கிரம் இறுகுவதற்குப் போடுகிற உப்பை அள்ளிப் போட்டார். வெள்ளை வெள்ளையாக விரல்கள் கிளம்பின. சரி, பச்சையாகவாவது இருந்து தொலையட்டும் என்று தரைக்கு நிறம் ஏற்றும் அன்னபேதிப் பச்சை உப்பைப் போட்டார். பச்சையில் ஒரு காடே கிளம்பியது.

மாடியில் குடியிருக்கும் கெமிஸ்ட்ரி வாத்தியாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"சார், இதுக்கு உயிர் இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. மாமனார் செடியைக் கொன்னுட்டேன். பதிலுக்கு ஒரு உயிரையாவது அவ கண்ணுல காட்டணும்."

வாத்தியார் குனிந்து பார்த்தார். "இது மணல்ல இருக்கிற சிலிக்கான் சமாச்சாரம் மேஸ்திரி. உப்பைச் சுத்தித் தோல் கட்டுது, உள்ளே தண்ணி ஏறுது, தோல் கிழியுது, மறுபடி கட்டுது. உயிர் இல்லை. நமக்குத் தெரிஞ்ச உயிர் எல்லாம் கார்பன்ல ஆனது."

"சிலிக்கான்ல ஆகக் கூடாதா?"

"அதுக்கும் கார்பன் மாதிரி நாலு கை உண்டு. ஆனா ஆக்சிஜனைப் பிடிச்சா விடாது, கல்லாயிடும். நாம மூச்சு விட்டா காத்து வருது. அது மூச்சு விட்டா மணல் வரணும்."

"கார்பன் இருந்தா உயிர் வந்துடுமா?"

"அப்படியும் இல்ல. உங்க பிளாஸ்டிக் பக்கெட் கூடக் கார்பன்தான்."

சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியதுதான், ஆனால் இத்தனை பெரிய தொட்டியில் அவரும் பார்த்ததில்லை. ஒரு நீலக் கொம்பின் நுனியிலிருந்து குமிழி கழன்றதும் கொம்பு சட்டென்று திசை மாறி வெளிச்சத்தை நோக்கிப் போனது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்கேயோ வேற கிரகத்துல, வேற சூட்டுல, வேற காத்துல, இது நிஜமாவே எழுந்து நடக்குதோ என்னமோ. இல்லைன்னு அடிச்சுச் சொல்ல எனக்கு வாய் வரலை" என்றார் வாத்தியார் மெதுவாக.

மேஸ்திரிக்கு உடம்பு புல்லரித்தது. தினம் கையில் பிசைகிற சரக்கு இது. இதற்குள் இப்படி ஒரு ஆசை ஒளிந்திருக்கும் என்று அவர் கண்டாரா.

அழைப்பு மணி அடித்தது.

மனைவி பையோடு உள்ளே வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். பையைக் கீழே வைக்கவும் மறந்து அப்படியே முழங்காலிட்டாள். நீலமும் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீரின் மேல்மட்டம் வரை எழுந்து நின்றது அந்தக் காடு.

"என்னங்க இது? இவ்வளவு அழகா..." என்றவள் சட்டென்று திரும்பினாள். "அப்பா செடி எங்கே?"

மேஸ்திரி திருதிருவென்று விழித்தார். பொய் சொல்ல வாயைத் திறந்தார், உண்மைதான் வந்தது.

"கொன்னுட்டேன்மா. பாசியைக் கழுவப்போய் எல்லாம் வெளுத்துப் போச்சு. கொல்லையில புதைச்சிருக்கேன்."

அவள் கண்கள் நிறைந்தன. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வாத்தியார் எழுந்து போகவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் தவித்தார்.

வாசலில் நின்ற மாமியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். புதுக் கண்ணைச் சுருக்கித் தொட்டிக்கு மிக அருகில் வந்து, நீலக் கொம்பு இன்னும் கொஞ்சம் உயர்வதை வாய் திறந்து பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீங்க ஒண்ணையும் கொல்லலை மாப்பிள்ளை. அவர் வெச்சது அவர் போன மறுமாசமே அழுகிடுச்சு. இவ தாங்கமாட்டாளேன்னு நான்தான் பிளாஸ்டிக் செடி வாங்கி வெச்சேன், சாயம் போயிடும்னுதான் கழுவாதீங்கன்னு சொன்னேன். அவருக்கு அப்புறம் இந்தத் தொட்டியில ஒண்ணு வளர்ந்து இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."