கன்னிகாதானமும் ஒரு சலக் குளிசையும்

மருத்துவம் முழுதாகத் தெரிந்தவரால் ஆபத்து குறைவு. ஒன்றுமே தெரியாதவராலும் பெரிய ஆபத்தில்லை. அவர் பேசாமல் இருந்துவிடுவார். தாதியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து முதல் சில மாதங்களை முடித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால்தான் குடும்பம் விழிப்பாக இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பிள்ளை நான்.

அந்த நாட்களில் எந்த நோயையும் தமிழில் சொல்ல எனக்கு வாய் வராது. லீவில் மண்டூருக்குப் போனால் தம்பிக்கு மூக்கு ஒழுகாது, ‘ரைனோரியா’ வரும். அப்பாவுக்குத் தலையிடிக்காது, ‘செபலால்ஜியா’ இருக்கும். ஒருநாள் மத்தியானச் சாப்பாடு பிந்தியதில் அம்மாவின் வயிறு இரைந்தது. “அம்மா, உங்களுக்கு போர்போரிக்மி” என்றேன். அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண் கலங்கினார். “எவ்வளவு காலம் இருப்பன் புள்ள?” என்று கேட்டார். (வயிறு இரையிறதுக்கு இப்பிடி ஒரு பேர் வைச்ச மனுசன் என்ர கையில அம்பிடோணும்.)

மருந்தியல் பாடம் தொடங்கியதும் நிலைமை இன்னும் மோசமானது. அதிலே எனக்கு மிகவும் பிடித்தது, சலம் போக்கும், அதாவது சிறுநீரைக் கூட்டும், மருந்துகள். சிறுநீரகத்துக்குள் ஹென்லேயின் வளையம் என்று ஓர் இடம் இருக்கிறது. ஃபுருசமைட் என்ற மாத்திரை, எங்கள் ஊர்ப் பேச்சில் குளிசை, அங்கே போய், உடம்பு உப்பைத் திரும்ப உறிஞ்சாமல் மறிக்கும். உப்பு வெளியேறும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். கால் வீக்கம் வற்றும். விழுங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைத் தொடங்கும், அடுத்த மணித்தியாலத்தில் உச்சத்துக்குப் போகும். நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இவ்வளவையும் ஒப்புவிப்பேன். கேட்கத்தான் ஆளில்லை.

சுபா மச்சாளின் கலியாணத்தில் ஆள் கிடைத்தது.

சுபா என் தாய்மாமாவின் மூத்த மகள். மாமா மண்டூரில் வேளாண்மை செய்பவர். வயல் வட்டைக்குள் நின்று கூப்பிட்டால் வாவியின் அக்கரையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார், அப்படியொரு குரல். மாப்பிள்ளைக்குப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. வேலை செய்கிற பிள்ளைக்கென்று முதலாளி விலையைக் குறைத்துக் கொடுத்ததால், கலியாணம் அங்கேயே, கடற்கரையில் என்று முடிவாயிற்று. கடலைப் பார்த்தபடி மணவறை, மணலில் வெள்ளைக் கதிரைகள், மேலே பறக்கும் கமரா. எல்லாம் வடிவு. கழிவறை மட்டும் மணலைத் தாண்டி, புல்வெளியைத் தாண்டி, நீச்சல் குளத்தையும் சுற்றிப் போனால் வரும் இடத்தில் இருந்தது. அன்று காலை அதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

வான் வண்டியில் போய் இறங்கிச் சற்று நேரத்தில் மாமி என்னைக் கையில் பிடித்து அறைக்குள் இழுத்தார். மாமா பட்டு வேட்டியோடு கட்டிலில் இருந்தார்.

“புள்ள, நீ படிக்கிறாயெல்லோ. மாமாட காலக் கொஞ்சம் பாரு” என்றார் மாமி. “விடிய போடுற சலக் குளிசைய இவர் இண்டைக்குப் போடல்ல. வழியில வானை நிப்பாட்ட ஏலாதாம். இப்ப பாரு, கால் வீங்கிக் கிடக்கு.”

நான் முழங்காலில் குந்தி, கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது. புத்தகத்தில் இருந்த படம் போலவே விழுந்தது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது.

“எடீமா, மாமா” என்றேன்.

“எடியா? ஆரடி உனக்கு எடி?” என்று மாமா பாய்ந்தார்.

“வீக்கத்துக்குப் பேர் மாமா அது. தவறவிட்ட மருந்த ஞாபகம் வந்த உடன போடோணும். அடுத்த வேளை கிட்ட வந்திருந்தா மட்டுந்தான் விடோணும். இப்ப போடலாம்.”

மாமா குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “இப்ப போட்டா சடங்கு நேரத்தில கரைச்சல் வராதா மகள்?”

அவர் கேட்டது, படிக்காத மனிதர் எவரும் கேட்கக்கூடிய சரியான கேள்வி. நான் ஹென்லேயின் வளையத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். சோடியம் வந்தது, குளோரைட் வந்தது, பொட்டாசியம் குறைந்தால் என்ன நடக்கும் என்பதும் வந்தது. சோதனைத் தாளில் எழுதியிருந்தால் முழுப் புள்ளி கிடைத்திருக்கும். மாமா களைத்துப்போனார்.

“சரி சரி. நீ படிச்ச புள்ள” என்று சொல்லி விழுங்கினார். விழுங்கிவிட்டு வெளியே வந்தவருக்கு ஹோட்டல்காரர் செவ்விளநீர் நீட்டினார்கள். ஒன்று குடித்தார். ருசியாக இருக்கிறதென்று இன்னொன்றும் குடித்தார். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். (நல்லாக் குடிக்கட்டும், வெயில் எண்டுதான் நினைச்சன்.)

கன்னிகாதானத்துக்கு மாமாவும் மாமியும் மணவறையில் இருந்தார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். ஐயர் நிதானமான மனிதர். இரண்டு பக்கத்து மூதாதையர் பெயர்களையும் ஒவ்வொன்றாய்ச் சொல்லி, அதையே திரும்ப ஆரம்பத்திலிருந்து சொல்கிறவர். முதலாம் தரம் மாமா கம்பீரமாக இருந்தார். இரண்டாம் தரம் சப்பாணி கட்டிய காலை மாற்றிப் போட்டார். மூன்றாம் தரம் தொடங்கியபோது கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஹென்லேயின் வளையம் முழுதும் இருந்தது.

அப்போதுதான் நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். விழுங்கி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்.

“ஐயா, கொஞ்சம் சுறுக்கா” என்றார் மாமா.

“அவசரப்படக் கூடாது. மகளத் தாரை வார்க்கிற நேரம்” என்று ஐயர் இன்னும் ஆறுதலாகத் தொடர்ந்தார். பிறகு தாரை வார்ப்பு வந்தது. மாமி செம்பைச் சரித்தார். தண்ணீர் மெல்ல, மெல்ல, மாமாவின் கைகளில் சலசலவென்று விழுந்தது. எதிரே கடலும் தன் பங்குக்குச் சலசலத்தது. மாமாவின் முகம் சிவந்தது, உதடு நடுங்கியது, நெற்றியில் வேர்வை அரும்பியது, கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

கூட்டம் உருகிப்போய்விட்டது. “பெத்த மனசு கா” என்றாள் மாப்பிள்ளையின் சின்னம்மா. “செத்த வீட்டிலயும் அழாத மனுசன், பாருங்க” என்று எங்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கமராக்காரர் ஓடிப்போய் மாமாவின் முகத்துக்கு நேரே குந்தினார். பறக்கும் கமராவும் அவர் தலைக்கு மேலே வந்து நின்றது.

சுபாவின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்த அடுத்த நொடி மாமா எழுந்தார். வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடத் தொடங்கினார். கால் வீக்கமுள்ள மனிதர் அப்படி ஓடி நான் இன்றுவரை கண்டதில்லை.

“தாங்க ஏலாம ஓடுறார்!” என்று அலறிக்கொண்டு மாப்பிள்ளையின் தகப்பன் பின்னால் ஓடினார். அவர் ஏறாவூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் ஒன்றில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், மிக நல்ல மனிதர். நானும் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது மாமா உள்ளே தாழ்ப்பாளைப் போட்டிருந்தார். அதிபர் வெளியே நின்று கதவைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அழுங்க சம்மந்தி, நல்லா அழுங்க. மனசுக்குள்ள அடக்கி வைக்காதீங்க. எல்லாத்தையும் வெளிய விடுங்க.”

“விடுறன்” என்றது உள்ளேயிருந்து மாமாவின் குரல், ஆழ்ந்த நிம்மதியோடு.

இதற்குள் சுபா கூறைச்சேலை மாற்றப் போயிருந்தாள். மாமா முகம் கழுவி வெளியே வந்தார். அதிபர் அவர் தோளில் கையைப் போட்டுக் கூட்டிக்கொண்டு நடந்தார். புல்வெளியில் பாதி தூரம் போயிருப்பார்கள். மாமா நின்றார். என்னைப் பார்த்தார். கிறுகி, வந்த வழியே திரும்ப ஓடினார்.

“ஐயோ, மறுகாலும் அழப்போறார்” என்றார் அதிபர்.

மணவறையில் சுபா கூறையோடு வந்து இருந்துவிட்டாள். அவளின் தங்கை நிலா மூச்சிரைக்க ஓடிவந்தாள். “மச்சாள், அப்பா வராம தாலிக்குக் கழுத்த நீட்டமாட்டன் எண்டு அக்கா சொல்றாள். நல்ல நேரம் முடியப்போகுதாம். ஐயர் கத்துறார்!”

ஒரு குளிசையால் ஒரு கலியாணமே நிற்கப் போகிறது; நிறுத்தியது யாரென்று நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும். ஆண்கள் கழிவறைக் கதவில் வாயை வைத்து, “மாமா, உச்சம் இன்னும் வரல்ல, இப்பவே வாங்க!” என்றேன்.

“உச்சம் வரல்லயா?” உள்ளே குரல் உடைந்தது. “அப்ப இது என்னடி?”

நல்லவேளை, பக்கத்தில் ஹோட்டலின் பற்றரி வண்டி ஒன்று நின்றது, விருந்தினரின் பெட்டிகளை ஏற்றுகிற வண்டி. ஓட்டுகிற தம்பியிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். மாமாவை முன்னால் ஏற்றி, அதிபரும் நானும் பெட்டி வைக்கும் தட்டில் ஏறிக்கொண்டோம். வண்டி மணல் ஓரத்துக்கு வந்ததும், இது ஏதோ புதுவித ஏற்பாடென்று நினைத்த நாதஸ்வரக்காரர் எடுத்து ஊதத் தொடங்கினார். சனம் எழுந்து கைதட்டியது. மாமா வேறு வழியில்லாமல் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

இறங்கச் சொன்னபோது, “இறங்கினா ஏற ஏலாது” என்று பல்லைக் கடித்தபடி சொன்னார். ஆகவே வண்டி மணவறைக்குப் பக்கத்திலேயே நின்றது. சுபா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். கெட்டிமேளம் முழங்கியது, தாலி ஏறியது. அதே கணத்தில் வண்டியும் புறப்பட்டது. ஓடுகிற வண்டியில் இருந்தபடி மாமா பின்னால் திரும்பி அட்சதையை வீசினார். பாதி அதிபரின் தலையில் விழுந்தது.

பின்னேரம், எல்லாம் அடங்கிய பிறகு மாமாவின் முன்னால் போய் நின்றேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீக்கம் வத்திற்று” என்றார். “மருந்து நல்ல மருந்துதான்.”

“மாமா, எல்லாரும் நீங்க அழுததா நினைக்கிறாங்க.”

மாமா கடலைப் பார்த்தார். “அழுததுதான் புள்ள. ஆனா எது எதுக்கு வந்த தண்ணி எண்டு எனக்கே விளங்கல்ல.”

கல்லூரிக்குத் திரும்பி, மருந்தியல் படிப்பித்த மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று மருந்து கொடுப்பதற்கு விதிகள் இருக்கின்றன. மிஸ் சிரித்து முடிக்க வெகுநேரம் எடுத்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த வருசப் பிள்ளைகளுக்கு, கழிவறை எவ்வளவு தூரம் எண்டதையும் சேர்த்துப் படிப்பிப்பன்” என்றார். சொன்னபடியே செய்கிறார் என்று கேள்வி. பெயர் சொல்வதில்லையாம், ‘பாசிக்குடா நோயாளி’ என்றுதான் சொல்கிறாராம்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்றுவரை உண்மை தெரியாது. மகள்மேல் மாமாவைப் போலப் பாசம் வைத்த தகப்பன் மட்டக்களப்பிலேயே இல்லை என்று அதிபர் போகிற இடமெல்லாம் சொல்கிறார். அந்த வீடியோவைப் பார்த்து அழாத சொந்தக்காரர் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கட்டம் வந்ததும் எல்லோரும் சிரித்து விழுவோம். கூட இருக்கும் சுபாவின் மாப்பிள்ளைக்குக் காரணம் சொல்ல முடியாமல் மாமி குசினிக்குள் ஓடிவிடுவார்.

நான் இப்போது வார்ட்டில் வேலை செய்கிறேன். அண்மையில் நிலாவுக்கும் கலியாணம் நடந்தது, நாவற்குடாவில் ஒரு மண்டபத்தில். நான் வாயே திறக்கவில்லை. மாமி விடிய வெள்ளனக் குளிசையைக் கொடுத்து முடித்திருந்தார். மாமா சிரித்த முகத்தோடு, ஒரு சொட்டுக் கண்ணீரில்லாமல், மகளைத் தாரை வார்த்தார்.

“மூத்தவளில இருந்த பாசம் இளையவளில இல்ல கா” என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். அது நிலாவின் காதிலும் விழுந்துவிட்டது. கூறை மாற்றுகிற அறையில் அவள் என் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

“ஏன் மச்சாள், எனக்கும் ஒரு அரைக் குளிசையாவது குடுத்திருக்கலாமே!”