திரும்பிப் பாராத வண்டித் தலைவர்

குடும்பத்தோடு தூரப் பயணம் கிளம்புகிறவர்களில் ஓர் இனம் உண்டு. வண்டித் தலைவர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வீட்டில் இவருக்குத் தண்ணீர்ச் செம்பு எங்கே இருக்கிறதென்று தெரியாது. வண்டியின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாலோ வழி, வெயில், மாடு, மனைவியின் பேச்சு, குழந்தைகளின் மூத்திரம் எல்லாமே இவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். இவருக்குப் போய்ச் சேருவதுதான் முக்கியம். யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பது அப்புறம்.

நேற்று முளைத்த இனமா இது? பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டிக் கொடியேற்றியிருந்த நாளிலேயே ஏரியின் எதிர்க்கரைப் பசியாவரத்தில் ஒருவர் இருந்தார். பெயர் செங்கல்வராயன். தோணியின் முனையில் நின்று மீன் கூட்டம் பார்ப்பதில் கெட்டிக்காரர். கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுத்தால் மடவை மீன் கூட்டம் தப்பிவிடும் என்பதால் அவர் பின்னால் திரும்புவதே இல்லை. கரையை விடும்போது "ஆள் சரியா?" என்று ஒரு குரல், பின்னாலிருந்து "சரி" என்று ஒரு பதில். நடு ஏரியில் யார் இறங்கிப் போய்விடப் போகிறார்கள்? அங்கே அது போதும்.

அதையே கட்டை வண்டிக்கும் கொண்டுவந்தார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அவருடைய கடைக்குட்டி செல்வம்மாளுக்குக் காய்ச்சல் கண்டு, பிழைப்பாளா என்றிருந்தபோது, அவள் தாய் தெய்வநாயகி திருத்தணி முருகனுக்கு முடி நேர்ந்துகொண்டாள். குழந்தை பிழைத்து, ஐந்து வயதும் ஆகி, ஆடிக் கிருத்திகையும் வந்தது. ஏரிக்கு அப்பால் நெல் விளைவிக்கும், பழக்கமான தருமலிங்கம் வண்டியும் மாடும் கொடுத்து, ஓட்டுவதற்குத் தன் ஆளையும் அனுப்புவதாகச் சொன்னார். செங்கல்வராயன் சிரித்தார். தோணியை அடக்குகிறவனுக்கு மாடு எம்மாத்திரம் என்றார். முதலைக்குத் தண்ணீரில்தான் பலம் என்பதை அவரிடம் யார் சொல்வது?

மூன்று நாள் வழி, நான்கு பிள்ளைகள். பொன்னேரி தாண்டுவதற்குள் பெரிய பையன் இரண்டு தரம் வாந்தி எடுத்தான், சின்னவன் பசி என்றான், மூத்தவள் குணசுந்தரிக்கு இறங்க வேண்டும், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் தலைவரிடம் ஒரே மருந்து இருந்தது. "அடுத்த ஊர்ல." அடுத்த ஊர் வந்தால் அதற்கடுத்த ஊர். வழி கேட்கச் சொன்னாள் தெய்வநாயகி. ஏரியில் யாரைக் கேட்டுப் போகிறேன் என்று ஒரு பாட்டம் திட்டு வாங்கிக்கொண்டாள். கடைசியில் ஒரு குளத்தங்கரையில் மாடுகளே தண்ணீருக்கு நின்றன. மாடு கேட்டால் நிறுத்துவார், மனைவி கேட்டால் மாட்டார். அதுவரைக்கும் லாபம் என்று பிள்ளைகள் புதர் புதராக ஓடினார்கள்.

மாடு தலையைத் தூக்கியதும் தலைவர் கயிற்றைச் சுண்டினார். "ஆள் சரியா?"

"சரி நைனா" என்றாள் குணசுந்தரி.

வாந்தி எடுத்தவனை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள் தெய்வநாயகி. காலையிலிருந்து மூட்டைக்குப் பின்னால் சுருண்டு தூங்கும் செல்வம்மாள் இன்னமும் தூங்குகிறாள் என்றே நினைத்திருந்தாள். வண்டி கொஞ்ச தூரம் போயிருக்கும். பின்னால் எங்கோ ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. அவள் விசிறுவதை நிறுத்திக் காதுகொடுத்தாள். தலைவருக்கும் கேட்டது. கேட்டு, ஒரு கருத்தும் சொன்னார்.

"யார் வூட்டுப் புள்ளையோ இன்னாமா கத்துது. வளர்ப்பு சரியில்ல."

தெய்வநாயகி மூட்டையைத் தள்ளிப் பார்த்தாள். பாய் மட்டும் கிடந்தது. யார் தலைக்கு மொட்டை போட மூன்று நாள் வழி போகிறார்களோ, அந்தத் தலை வண்டியில் இல்லை.

"வண்டிய நிறுத்துய்யா, செல்வத்தக் காணோம்."

அப்போதாவது திரும்பினாரா? தான் ஆள் கேட்டதாகவும், சரி என்று பதில் வந்ததாகவும், கணக்கில் பிசகே இல்லை என்றும், கிருத்திகைக்கு நேரமாகிறதென்றும் முன்னால் பார்த்தபடியே விளக்க ஆரம்பித்தார். விளக்கம் முடியும்வரை காத்திருக்க அவளுக்குப் பைத்தியமா? மடியில் இருந்தவனைக் குணசுந்தரியிடம் தள்ளிவிட்டு, ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தாள். முழங்கால் கிழிந்தது. ஓடினாள். நரி திரியும் புதர்க்காடு, குளத்தில் ஆளை விழுங்கும் ஆழம். அவள் நெஞ்சு பட்ட பாட்டை எழுதினால் கேலி நின்றுவிடும்.

சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தாள் செல்வம்மாள். கால் கொப்பளித்து, குரல் போயிருந்தது. "நான் கூப்ட்டேன்மா. நைனா திரும்பல" என்று மட்டும் சொன்னாள்.

வண்டி கடைசியில் நின்றுதான் இருந்தது. தலைவர், தன்னை ஏமாற்றிய குற்றத்துக்காகக் குணசுந்தரியை விசாரித்துக்கொண்டிருந்தார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். பார்க்காமல் எப்படிச் சரி என்றாள்?

"இல்லன்னா திட்டுவே நைனா. அதான் எப்பவும் சரின்னுடறது."

முடி காணிக்கை நல்லபடியாக நடந்தது. ஊர் திரும்பியதும் செங்கல்வராயன் கரையில் கூட்டம் கூட்டிப் பயணக்கதை சொன்னார். மூன்று நாள் வழி, ஒரு பிசகில்லை; நடுவில் பெண்டாட்டி எதற்கோ இறங்கி நின்றதில்தான் கொஞ்சம் நேரம் போயிற்று என்றார். வலை உலர்த்திக்கொண்டிருந்த தெய்வநாயகி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அதையும் அவர் பார்க்கவில்லை.

இப்போது கட்டை வண்டி இல்லை, ஒல்லாந்தரும் போய்விட்டார்கள். நீங்களும் படித்தவர், பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். போன விடுமுறைப் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டால் எல்லோருக்கும் பரம சந்தோஷம் என்பீர்கள். இருக்கட்டும். உங்களை யார் கேட்டார்கள்? பின் இருக்கையில் இருந்தவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் மட்டும் கொஞ்சம் வெளியே இருங்கள்.