ஆளில்லாத ஒப்பாரி

கத்தி, ரத்தம், கொலை எல்லாம் காட்டும் படத்தை நான் மிக்சர் கொறித்துக்கொண்டே பார்ப்பேன். ஒன்றையுமே காட்டாத ஒரு படம்தான் என் மானத்தை வாங்கியது.

றக்வானைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அன்று விடாத மழை. வேலை இல்லை. காலையிலேயே ஒரு மர்மப் படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பூட்டிய வீடு, பகலில் எரியும் விளக்கு, ஜன்னலுக்குள்ளே போர்வை மூடிய கட்டில். படம் முழுக்க இதேதான். உள்ளே இருந்தவர் செத்தாரா, எங்கேயாவது போனாரா? கடைசிவரை சொல்லவே இல்லை. (காசைத் திருப்பிக் கேட்கலாமென்றால் அது ஓசிப் படம்.) முடிந்த பிறகும் அந்தக் கட்டிலே கண்ணுக்குள் நின்றது.

வெளியே வந்தால் மூடுபனி. பக்கத்து வீட்டில் மாணிக்கம் மாமா தனியாக இருக்கிறார். அவர் கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. உள்ளே பல்பு எரிந்தது.

"மாமா! மாமோய்!"

ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் தலைமாடு வரை இழுத்து மூடிய போர்வை. புத்தியுள்ளவள் இன்னும் இரண்டு தட்டுத் தட்டியிருப்பாள். நான் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தேன்.

சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் எங்கள் லயம்; அங்கே ஒப்பாரி கேட்டால் யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுவார்கள். அத்தனை பேர் அழுததில் எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. கதவை உடைக்கப் போனவர்களைத் தோட்டத் தலைவர் தடுத்தார்.

"பொலிஸ் கேஸாயிரும்ங்க. மகன் வரட்டும்."

கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்கு நான்தான் கோல் எடுத்தேன். (மாமாவிடம் போன் கிடையாது.)

"தம்பி, அப்பா நம்மள விட்டுட்டுப் போயிட்டாருப்பா!"

வருஷக்கணக்காக எட்டிப்பார்க்காத பிள்ளை, சாயங்காலம் வேன் பிடித்து மாலையோடு வந்து வாசலில் விழுந்து அழுதான். அப்போதுதான் இரத்தினபுரி பஸ் வந்து நின்றது. கிளினிக்குக்குப் போயிருந்த மாமா, மருந்துப் பையும் பாண் ரொட்டியுமாக இறங்கி நடந்து வந்தார். (கதவைச் சாவி போட்டுப் பூட்டியவர், பல்பை அணைக்க மறந்துவிட்டாராம். போர்வைக்குள்ளே இருந்தது, ஒழுகல் படாமல் மூடிவைத்த அரிசி மூட்டை.)

"யாரு புள்ள செத்தது?" என்று என்னைத்தான் கேட்டார். ஐயோ, லயமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

மகன் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டான். மாமா மாலையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "சாப்டியாப்பா?" என்றார். இருவரும் அந்தப் பாணைப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். விடிந்ததும் மகன் போய்விட்டான். பிறகு வரவில்லை.

இப்போதும் யார் அசந்து தூங்கினாலும் என் வீட்டுக்காரர், "அழுதுறாத, மூச்சு வருதான்னு மொதல்ல பாரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். மாமாவும் சிரிப்பார். ஆனால் தீபாவளி நெருங்கினால் என் வாசலில் வந்து நிற்பார்.

"புள்ள, தம்பிக்கு ஒரு கோல் போடேன். நான் செத்துட்டேன்னு சொல்லு."