இரண்டு மணி நடை

திருமலைசாமி மதியம் இரண்டு மணிக்குச் செத்துப்போய், மூன்று மணிக்குப் பிழைத்து எழுந்திருந்தார். சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே கைபேசியைப் பார்த்தபோதுதான் அது அவருக்கே தெரிந்தது.

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை அவருடையது. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து இடது கையில் ஒரு வாட்ச். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஹாரிகா வாங்கிக் கட்டிவிட்டது. தினமும் எட்டாயிரம் அடி நடந்தாக வேண்டும். எத்தனை நடந்தார் என்பது அவள் போனிலும் தெரியும். பத்து மாதமாக ஒரு நாள்கூடக் குறைந்ததில்லை. பட்டறைக்குள் அலைவதே அவ்வளவு ஆகிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

திங்கட்கிழமை ஒரு செய்தி வந்தது. அந்த வாட்ச் கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டதாம். பழைய ஆப் போய்ப் புது ஆப் வந்தது. பழையதில் நாள் முடிவில் மொத்த அடி மட்டும் தெரியும். புதியதில் எந்த மணிக்கு எத்தனை அடி, அப்போது நாடி எவ்வளவு என்று சேர்த்தே காட்டினார்கள்.

இரண்டிலிருந்து மூன்று வரை: ஐயாயிரத்துப் பன்னிரண்டு அடி. நாடி: இல்லை.

அந்த ஒரு மணி நேரமும் அவர் மாத்திரை போட்டுவிட்டுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். வாட்சைக் கட்டிக்கொண்டு படுத்தார், கட்டியபடியே எழுந்தார். மறுநாளும் அப்படியே வந்தது. அதற்கு மறுநாளும்.

மனைவி பத்மாவதியிடம் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, புதுசாக வந்தவனுக்கு என்ன தெரியும், விட்டுத்தள்ளுங்க என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் குரல் சரியாக இல்லை என்று அவருக்குப் பட்டது.

பழைய கம்பெனியின் நம்பர் உபயோகத்தில் இல்லை. புதுக் கம்பெனியில் ஒரு பெண் எடுத்தாள். அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"வாட்ச் சரியாத்தான் இருக்குதுங்க சார். நடந்திருக்குது. கட்டியிருந்தவருக்குத்தான் நாடி இல்லை."

சந்தேகமிருந்தால் பழைய பதிவுகளையும் புது ஆப்பில் சேர்த்துத் தருவதாகச் சொன்னாள். திருமலைசாமி சரி என்றார். அரை மணியில் பத்து மாதமும் வந்து விழுந்தது. ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு அதே நடை. ஒரு நாள்கூட நாடி இல்லை. இத்தனை நாளும் தினம் செத்து நடந்திருக்கிறார். ஒருவரும் கவனிக்கவில்லை.

டாக்டரிடம் போனார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, கல்லுக்குண்டாட்டம் இருக்கிறீர்கள், அந்த வாட்சைக் கழற்றி வீசுங்கள் என்றார் டாக்டர். கழற்றினால் மட்டும் செத்தவன் பிழைத்துக்கொள்வானா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் திரும்பி வந்தார்.

அன்று மதியம் கட்டிலைச் சுற்றிக் கோலமாவைத் தூவினார். தூக்கத்தில் எழுந்து நடந்தால் கால்தடம் விழுமல்லவா. மூன்று மணிக்குக் கண் விழித்தார். மாவு தூவியது தூவியபடி கிடந்தது. கைபேசியைப் பார்த்தார். ஐயாயிரத்து நாற்பது அடி.

நடக்கிறார், ஆனால் கால் தரையில் படவில்லை.

அதன்பிறகு அவர் மதியம் தூங்குவதில்லை என்று முடிவெடுத்தார். ராத்திரியும் பாதித் தூக்கம்தான். இரண்டு மணி அடித்ததும் பட்டறை வாசலில் நாற்காலியைப் போட்டு, எதிரே மேட்டுப்பாளையம் ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்தபடி, இடது மணிக்கட்டில் வலது கை விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாடி இருந்தது. ஆனால் மொத்த அடி மூன்றாயிரத்தைத் தாண்டவில்லை.

இரண்டாம் நாள் ஹாரிகா அம்மாவுக்குப் போன் செய்தாள். அப்பாவுக்கு நடக்கவே முடியவில்லை போலிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன், பட்டறையைப் பூட்டிவிடலாம் என்றாள். அதெல்லாம் வேண்டாம் என்று பத்மாவதி சொல்லிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் கடைசல் லேத்தின் முன் நின்றபடியே திருமலைசாமி கண் அசந்தார். சட்டைக் கை, இரும்பைப் பிடித்துச் சுழலும் சக்கிற்கு ஒரு விரல்கடை தூரத்தில் போனபோது, பக்கத்து மிஷினில் இருந்த பட்டறைப் பையன் பவன் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த பத்மாவதி, அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நீங்க சாகவும் இல்லீங்க, நடக்கவும் இல்லீங்க. அத்தனையும் நாஞ்செஞ்சதுங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாளுக்கு மூன்றாயிரம்கூட நடப்பதில்லை. அது தெரிந்தால் மகள் இருவரையும் பெங்களூருக்குக் கட்டி இழுத்துப்போய்விடுவாள்; அங்கே பதினாலாவது மாடியில் பேச ஆளில்லாமல் இருக்கத் தன்னால் முடியாது. அதனால் அவர் தூங்கியதும் வாட்சைக் கழற்றி, வீட்டு வேலைக்கு வரும் ராசாத்தாளிடம் கொடுத்தனுப்புவாள். அடுத்த தெருவில் அவள் வளர்க்கும் ஆட்டின் முன்னங்காலில் துணி சுற்றி அதன்மேல் கட்டிவிடுவது. ஆடு மேயும், அடி ஏறும்; துணிக்கு மேல் நாடி மட்டும் பிடிபடாது. மூன்று மணிக்குள் வாட்ச் அவர் கைக்குத் திரும்பிவிடும். பழைய ஆப்பில் எவருக்கும் தெரியவில்லை; இந்தப் புதுக் கம்பெனிக்காரன்தான் நாடியைக் கொண்டுவந்து சேர்த்துக் கெடுத்துவிட்டான். வாட்சைக் கழற்றவும் திரும்பக் கட்டவும் வந்து கோலமாவை மிதித்தது பத்மாவதிதான். போகும்போது மறுபடியும் தூவிவிட்டுப் போயிருக்கிறாள்.

திருமலைசாமி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஹாரிகாவிடம் தானே பேசுவதாகவும், நாளையிலிருந்து நிசமாகவே நடப்பதாகவும் சொன்னார். ஒரு வாரம் கழித்து அன்றுதான் அவருக்குப் பசித்தது. பத்மாவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டு எடுக்கப் போனாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ராசாத்தாளைக் கூப்பிட்டு, உன் ஆட்டுக்கு ஒரு கட்டுத் தழை வாங்கிப் போடு, பத்து மாசம் எனக்காக நடந்திருக்கிறது என்றார்.

ராசாத்தாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த ஆட்டைப் போன மாசமே வித்துப்போட்டனுங்களே, அம்மணி வைவாங்கன்னு சொல்லாம, கடியாரத்தை அரிசி டப்பாக்குள்ள போட்டு மூடி வெச்சிருந்துதானுங்க இத்தன நாளாத் திருப்பிக் குடுத்துட்டு இருக்கறேன்."